அம்பாசடருக்கு இடுப்பு வலி!

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். உள்ளே ஆள் இருக்க வேண்டாம். டிக்கியில் மூட்டை முடிச்சு வேண்டாம். பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள்.

வண்டி ஒரு தோளைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறதா? பின் சக்கரம் முன்பைவிட அதிகமாக மட்கார்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறதா? இரவில் விளக்கைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிர்வீட்டு மாடியில் விழுகிறதா?

அப்படியானால் வண்டிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பின்பக்கத்து வில்பட்டைகள் தளர்ந்துவிட்டன.

"எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது? பிரேக் பிடிக்கிறதே? கொஞ்சம் சாய்ந்து நின்றால் என்ன குடி முழுகிவிடும்?" என்று பலர் கேட்பது உண்டு. குடி முழுகாதுதான். ஆனால் பாக்கெட் காலியாகும். சில சமயம் ஆளுக்கே ஆபத்தாகும். அதுவும் பட்டை தளர்ந்ததால் வரும் ஆபத்தைவிட, அதை அவசரமாக, அரைகுறையாக மாற்றுவதால் வரும் ஆபத்துதான் பெரிது.

அம்பாசடர் காரைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1957-ம் ஆண்டு பிறந்த கார் அது. 2014-ம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றது. கடைசியாக வெளிவந்த வண்டிக்கும் இப்போது பத்து வயது தாண்டிவிட்டது.

ஆனாலும் விடமாட்டேன் என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். டாக்சி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், ஆபீஸ் ஏலத்தில் எடுத்தவர்கள், ரிடையர் ஆன பணத்தில் ஆசைக்கு ஒன்று வாங்கியவர்கள் இவர்கள். பிழைக்க வந்த ஊரில் சொந்தமாக வாங்கிய முதல் கார் என்றால் விற்க மனம் வருமா?

மும்பையில் டாக்சி என்றால் பியட் காரான பிரீமியர் பத்மினிதான் என்று ஒரு காலம் இருந்தது. அதுவும் பின்பக்கம் இதே வில்பட்டையில் ஓடிய வண்டிதான். 2023-ம் ஆண்டு அக்டோபரோடு அந்த நகரத்தின் டாக்சித் தொழிலில் இருந்து அது விடைபெற்றது. சொந்த வண்டியாக வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. இங்கே அம்பாசடருக்குச் சொல்வது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

வில் வண்டியின் வாரிசு

ஊரில் வில் வண்டி பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் உடனே விளங்கும். பார வண்டியில் அச்சின் மேலேயே பலகை உட்கார்ந்திருக்கும். கல்லில் ஏறினால் முதுகெலும்பு எண்ணிக் காட்டும். பண்ணையாரின் வில் வண்டியில் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். கல்லில் ஏறினாலும் வண்டி தொட்டில்போல் ஆடிவிட்டுப் போகும். அந்த வில்தான் வண்டிக்கே பெயரானது.

சாரட்டு வண்டிகளுக்கு இப்படி நீள்வட்டமாகப் பட்டைகளைக் கட்டும் முறைக்கு இங்கிலாந்தில் ஒபதயா எலியட் என்பவர் 1804-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பூட்டியபோது, பட்டை மட்டும் அப்படியே மோட்டார் காருக்கு வந்து சேர்ந்தது.

அம்பாசடரின் முன்பக்கத்துக்கு வேறு ஏற்பாடு. அங்கே முறுக்குக் கம்பிதான் சுமை தாங்குகிறது. பின்பக்கம்தான் வில்பட்டை. நீளமான மெயின் பட்டை மேலே. அதன் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாக மற்றப் பட்டைகள். எல்லாவற்றையும் நடுவில் துளைத்து ஒரு சென்டர் போல்ட் சேர்த்துப் பிடிக்கிறது. மெயின் பட்டையின் இரண்டு முனைகளும் சுருட்டப்பட்டிருக்கும். அதற்குக் 'கண்' என்று பெயர்.

முன் கண், காரின் உடம்போடு ஒரு போல்ட்டால் மாட்டப்பட்டிருக்கும். பின் கண்ணை நேரடியாக மாட்ட முடியாது. ஏனென்றால் சுமை ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்க, ஊஞ்சல் சங்கிலி மாதிரி ஆடுகிற 'ஷேக்கிள்' ஒன்று அங்கே உண்டு. நடுவில் பின் அச்சு. அதைப் பட்டையோடு சேர்த்துக் கட்டுவது யூ போல்ட்டுகள். கண்களுக்குள்ளே ரப்பர் புஷ்.

ஆக, பட்டை என்பது வெறும் மெத்தை அல்ல. சுமையைத் தாங்குவதும் அதுதான், அச்சை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் அதுதான். வேறு கம்பி, கை, கால் எதுவும் அங்கே இல்லை. இது மனதில் இருந்தால் பிறகு சொல்லப்போகும் எச்சரிக்கைகள் எதற்கு என்று புரியும்.

ஏன் தளர்கிறது?

வில்பட்டைக்கு வயது உண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் அது வளைந்து நிமிர்கிறது. லட்சக்கணக்கான தடவை வளைந்த இரும்பு அலுத்துப் போகும். முதலில் வளைவு குறையும். பிறகு எங்காவது ஒரு பட்டையில் மயிரிழைபோல விரிசல் விழும். பட்டைகளுக்கு நடுவே தண்ணீரும் மண்ணும் புகுந்து துரு பிடித்தால் விரிசலுக்கு இன்னும் வசதி.

அம்பாசடருக்கு வேறொரு விதியும் உண்டு. கல்யாணம் என்றாலும் காரியம் என்றாலும் முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் இரண்டு குழந்தைகள், டிக்கியில் அண்டா குண்டான் என்று ஏற்றியே நமக்குப் பழக்கம். காஸ் போட்ட வண்டி என்றால் டிக்கியில் நிரந்தரமாக ஒரு டேங்க் வேறு. அந்தப் பாரம் இரவிலும் இறங்குவதில்லை.

உடைந்த பட்டையைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. டார்ச் விளக்கோடு குனிந்து, பட்டைக் கட்டின் ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். குறுக்கே ஒரு துருக்கோடு தெரிந்தால் அங்கே உடைந்திருக்கிறது. அதோடு, சக்கரத்தின் நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். அளவை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்தபின் மெக்கானிக் சொல்வதைவிட டேப் சொல்வது நிஜம்.

இன்னொரு அடையாளம், நண்டு நடை. நேரான ரோட்டில் போகும்போது பின்னால் வருகிறவரிடம் கேட்டால் சொல்வார்: வண்டியின் முன்பக்கம் ஒரு கோட்டிலும் பின்பக்கம் வேறு கோட்டிலும் போகும். சென்டர் போல்ட் அறுந்து, அச்சு இடம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோ மீட்டர்கூட ஓட்டக் கூடாது.

அடித்து நிமிர்த்தலாமா?

ஒர்க்ஷாப்பில் வழக்கமாக நடக்கிற பேச்சு இது:

"மேஸ்திரி, புதுசு என்ன விலை?"

"புதுசு கிடைக்கிறதே கஷ்டம் சார். பழைய பட்டையை அடிச்சு வளைச்சுப் போட்டுடலாம். பாதிச் செலவுல முடியும்."

மாதச் சம்பளக்காரருக்குப் பாதிச் செலவு என்ற சொல் காதில் தேனாக விழும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எப்படி அடிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சம்மதிப்பது நல்லது.

வில்பட்டை சாதாரண இரும்பு அல்ல. கரியும் சிலிக்கானும் அளவோடு சேர்த்த உருக்கு. தொழிற்சாலையில் அதைச் சுமார் 850 டிகிரிக்கு மேல் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்க்கிறார்கள். அப்போது அது கண்ணாடிபோல் கெட்டியாகிவிடும். அப்படியே விட்டால் முதல் பள்ளத்திலேயே ஒடியும். ஆகவே மறுபடி 400, 500 டிகிரி அளவில் பதமாகச் சூடுகாட்டி ஆற விடுகிறார்கள். வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புகிற குணம் இந்த இரண்டாவது சூட்டில்தான் வருகிறது.

ரோட்டோரப் பட்டறையில் கரி அடுப்பில் செக்கச் செவேலென்று காய்ச்சி, சம்மட்டியால் வளைத்து, வெறும் தரையில் போட்டு ஆறவைத்தால் என்ன ஆகும்? வளைவு வரும். பதம் போய்விடும். வண்டி புதுமாப்பிள்ளைபோல் நிமிர்ந்து நிற்கும். சில மாதங்களில் பழைய கோலத்துக்கே வந்துவிடும். சூடு காட்டாமல் பிரஸ்ஸில் வைத்தோ சுத்தியலால் தட்டியோ வளைத்தால் பதம் கெடாது. ஆனால் அலுத்துப்போன இரும்பு அலுத்துப் போனதுதான். அதுவும் நெடுநாள் நிற்காது. முறையாகக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதம் காட்டித் தருகிற ஸ்பிரிங் பட்டறை என்றால் மட்டும் நம்பிக் கொடுக்கலாம். லாரிக்கு வேலை செய்கிற பெரிய பட்டறைகளில் இப்படிச் செய்து தருகிறவர்கள் உண்டு.

இந்த உருக்கின் அருமை நம்மூர்க் கொல்லருக்கு நன்றாகத் தெரியும். தென் மாவட்டங்களில் நல்ல அரிவாள் வேண்டுமென்றால் "லாரிப் பட்டையில் அடித்தது" என்று சொல்லித்தான் விற்பார்கள். நேபாளத்துக் கூர்க்காக்களின் குக்ரி கத்தியும் பல இடங்களில் பழைய லாரிப் பட்டையில்தான் பிறக்கிறது. அரிவாளுக்குக் காய்ச்சி அடிப்பது சரி. அரிவாள் வளைந்து நிமிர வேண்டியதில்லை!

சிலர் இன்னொரு குறுக்கு வழி சொல்வார்கள். "ஒரு பட்டை கூடுதலாகச் சொருகிவிடலாம்" அல்லது "கொஞ்சம் தடியான பட்டையாகப் போட்டுவிடலாம்" என்பது அது. இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பட்டையின் தடிமன் கொஞ்சம் ஏறினாலும் அதன் விறைப்பு மூன்று மடிப் பெருக்கமாக ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 7 மில்லிமீட்டர் போட்டால் ஆறில் ஒரு பங்குதானே கூடுதல் என்று தோன்றும். விறைப்போ ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். வண்டி நிமிரும். உட்கார்ந்திருப்பவர் இடுப்பு ஒடியும். காரின் நோய் முதலாளிக்கு வந்த கதைதான்.

ஒரு பக்கம் மட்டும்?

"இடது பக்கம்தானே தொங்குது மேஸ்திரி, அந்த ஒரு கட்டு மட்டும் மாத்தினா போதாதா?"

"மாத்தலாம் சார். அடுத்த மாசம் அந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு நீங்களே வருவீங்க."

நல்ல மேஸ்திரியின் பதில் அதுதான். இரண்டு பக்கமும் ஒரே நாளில் போட்ட பட்டைகள். ஒரே சுமையை, ஒரே பள்ளங்களைச் சந்தித்தவை. ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளரும் வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழசுமாக இருந்தால் வளைவில் திரும்பும்போது இடதுக்கு ஒரு மாதிரியும் வலதுக்கு ஒரு மாதிரியும் வண்டி சாயும். இரண்டு கட்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அதோடு சில்லறைச் சாமான்களும் புதிதாக வேண்டும். கண்களுக்கு ரப்பர் புஷ், ஷேக்கிள், யூ போல்ட்டும் நட்டும், சென்டர் போல்ட். எத்தனையோ பேர் பட்டைக்குப் பணம் கொடுத்துவிட்டு இங்கேதான் கையைச் சுருக்குகிறார்கள். ஒருமுறை முறுக்கி, ஆண்டுக்கணக்கில் இழுபட்ட யூ போல்ட் நீண்டு போயிருக்கும். மரை தேய்ந்திருக்கும். அதை மறுபடி மாட்டினால் பிடிக்கிற மாதிரி நடிக்கும், பிடிக்காது.

சாமான் எங்கே கிடைக்கும்? பெங்களூரில் ஜே.சி. ரோடு, கலாசிபாளையம், சிவாஜிநகர் குஜிரி. மும்பையில் குர்லா. கொல்கத்தாவில் மல்லிக் பஜார். லீவுக்கு ஊருக்குப் போகும்போது சென்னைப் புதுப்பேட்டை. பழைய வண்டியில் கழற்றிய பட்டையை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பெயின்ட்டுக்கு அடியில் விரிசல் தெரியாது. பழைய கட்டைக் கையோடு கொண்டுபோய், நீளம், அகலம், கண்ணின் விட்டம், பட்டை எண்ணிக்கை எல்லாம் ஒத்துப் பார்த்து வாங்குவதே சிறந்தது. கார் வெளிவந்த ஆண்டைச் சொல்லி மட்டும் வாங்கினால் ஏமாற நேரலாம். இத்தனை ஆண்டில் எந்த மேஸ்திரி எதை மாற்றி மாட்டினாரோ, யார் கண்டது?

உயிருக்கு முதலிடம்

இந்த வேலையில் முக்கால்வாசி காருக்கு அடியில் படுத்துச் செய்வது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஒரு முறையும் கூடாது, ஒரு நிமிடமும் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு அல்ல. எண்ணெய் கசிந்தால் மெதுவாக இறங்கும். சறுக்கினால் மெதுவாக இறங்காது.

செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. செங்கல் எப்போது நொறுங்கும் என்று சொல்லிவிட்டு நொறுங்குவதில்லை.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கெட்டியான தரை வேண்டும். மண் தரையும் தார் ரோடும் வெயிலில் இறங்கும். பின்பக்கத்தைத் தூக்கி, பட்டையின் முன் கண் மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், உடம்பின் பலமான பகுதிக்குக் கீழே இரண்டு இரும்பு ஸ்டாண்டு நிறுத்த வேண்டும். அம்பாசடரில் லாரிபோல் தனிச் சட்டம் கிடையாது. தகரமும் உடம்பும் சேர்ந்ததே சட்டம். துருப்பிடித்த இடத்தில் ஸ்டாண்டு வைத்தால் ஓட்டை போட்டுக்கொண்டு மேலே போய்விடும். தட்டிப் பார்த்து வைக்க வேண்டும்.

ஸ்டாண்டு அச்சுக்குக் கீழே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சுதான் கழன்று இறங்கப் போகிறது. அதற்குத் தனியாக ஒரு ஜாக்கி. யூ போல்ட் கழன்றதும் அச்சு தொங்கிவிட்டால் அதன் முழுப் பாரமும் பிரேக் ஹோஸ் பைப்பில் இழுபடும். பைப் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே கிழிந்திருக்கும். பட்டை மாற்றப் போய்ப் பிரேக் போனது இப்படித்தான்.

மசியாத போல்ட்

முந்தின நாள் இரவே எல்லா நட்டுக்கும் மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ விட்டு ஊற வைப்பது புத்திசாலித்தனம். காலையில் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

முதலில் ஷாக் அப்சர்பரின் கீழ் முனை. பிறகு யூ போல்ட்டுகள். ஜாக்கியால் அச்சின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, பிறகு பின்பக்க ஷேக்கிள். கடைசியில் முன் கண் போல்ட். ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அச்சு நாலா பக்கமும் அலையும்.

பாதி நாளைத் தின்பது அந்த முன் கண் போல்ட்தான். புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழாயோடு துரு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டு சுற்றும். போல்ட் நகராது. இந்த இடத்தில் பொறுமை இழந்தவர்கள் காஸ் வெல்டிங் விளக்கைக் கொண்டு வருவார்கள். பக்கத்தில் பெட்ரோல் டேங்கும் அதன் குழாயும் இருப்பது அந்த வேகத்தில் ஞாபகம் வராது. ரப்பர் புஷ் எரிந்து வரும் புகையும் நல்லதல்ல. ரம்பத்தால் போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பது மெதுவான வேலைதான். ஆனால் அறுத்தவர் மாலையில் வீடு திரும்புவார்.

கழற்றிய கட்டைப் பிரிக்கும்போதும் கவனம் தேவை. சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் கட்டை வைஸில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடக்கி வைத்த பட்டைகள் துள்ளித் தெறிக்கும்.

எது முன், எது பின்?

பல கார்களில் சென்டர் போல்ட் பட்டையின் சரி நடுவில் இருக்காது. முன் பாதி ஒரு நீளம், பின் பாதி ஒரு நீளம். மாற்றி மாட்டினால் அச்சு முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துவிடும். சக்கரம் மட்கார்டில் உரசும். பழைய கட்டைக் கழற்றும்போதே சாக்கட்டியால் 'முன்' என்று எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

முன் பாதி வேறாக இருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. எஞ்சின் சக்கரத்தைச் சுற்றும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவதும் பட்டைதான். அமெரிக்காவில் 1960-களில் பெரிய எஞ்சினைச் சிறிய காரில் வைத்து 'மசில் கார்' என்று ஓட்டினார்கள். பெயர்தான் பயில்வான். பலவற்றில் பின்பக்கம் அதே வில்பட்டை. 1964-ல் வந்த போர்டு மஸ்டாங்குக்கும் அப்படித்தான். 1967-ல் வந்த செவர்லே கமாரோவில் பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டைதான் வைத்தார்கள். ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் பட்டை பாம்புபோல் நெளிந்து, பின் சக்கரம் தவளையாகத் துள்ளியது. அடுத்த ஆண்டே பலம் கூடிய மாடல்களுக்குப் பல பட்டைக் கட்டைக் கொடுத்தார்கள். கிரைஸ்லர் கம்பெனிக்காரர்கள் முன் பாதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும் அமைத்து இந்த நெளிவை அடக்கினார்கள். அந்தக் கார்களை ஆசையாக வைத்திருக்கும் அமெரிக்கர்களும் இன்று காருக்கு அடியில் படுத்து, இதே போல்ட்டோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அம்பாசடர்காரர் தனி ஆள் அல்ல.

புதுக் கட்டை மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையில் உள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். குழியில் இறங்காமல் மேட்டில் உட்கார்ந்தபடி யூ போல்ட்டை முறுக்கிவிட்டால் அன்றைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். நூறு கிலோ மீட்டர் போனதும் அது தானாகக் குழியில் இறங்கும். இறங்கிய அளவுக்கு யூ போல்ட் தளர்ந்துவிடும். பிறகு நண்டு நடைதான்.

யூ போல்ட்டின் நாலு நட்டையும் ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

கடைசித் திருகு

கெட்டிக்கார மெக்கானிக்குகள்கூட அவசரத்தில் தவறுகிற இடம் இனிமேல்தான் வருகிறது.

ரப்பர் புஷ் உள்ள வண்டிகளில் முன் கண் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டுகளையும் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. கையால் ஏற்றி, லேசாக ஸ்பேனர் காட்டி விட்டுவிட வேண்டும். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்தி ஆட்டி, பட்டை தன் சுமையோடு இயல்பாக உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு.

ஏன்? அந்த நட்டை முறுக்கினால் புஷ்ஷின் உள்குழாய் காரின் உடம்போடு இறுகிவிடுகிறது. வெளிப்பக்கம் பட்டையின் கண்ணோடு இருக்கிறது. நடுவில் உள்ள ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. வண்டி தூக்கிய நிலையில் பட்டை முழு வளைவோடு தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது முறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், ரப்பர் சும்மா நிற்கும்போதே முறுகிய நிலையில் நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுகும். சில மாதத்தில் கிழிந்துவிடும். வண்டியும் தன் உயரத்துக்கு வராமல் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். "புதுப் பட்டை இல்லையா, அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சமாதானம் சொல்வார்கள். ரப்பர் கிழிந்ததும் சரியாகத்தான் ஆகும்!

காசு ஒன்றும் கூடுதல் இல்லாத வேலை இது. பத்து நிமிடம். ஆனால் குழியும் லிப்டும் இல்லாத ஒர்க்ஷாப்பில் தரையில் இறக்கிய காருக்கு அடியில் மறுபடி நுழைய வேண்டும். சட்டை அழுக்காகும். அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். குழி உள்ள ஒர்க்ஷாப் கிடைத்தால் விடக் கூடாது. கிடைக்காவிட்டால் பின் சக்கரங்களைச் சாய்வுப் பலகையில் ஏற்றி, முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து இதைச் செய்யலாம். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று "மேஸ்திரி, தரையில இறக்கினப்புறம் ஒரு முறுக்கு இருக்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். விஷயம் தெரிந்த ஆள் என்று மேஸ்திரியும் நிமிர்ந்து உட்காருவார்.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதல் நாள் ஆளில்லாமல் பத்து கிலோ மீட்டர் ஓட்டி வந்து, எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். ஐந்நூறு கிலோ மீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடு ஒன்று படிந்து உட்காரும்போது அவை கொஞ்சம் தளர்வது இயல்பு. தலைவிளக்கின் கோணத்தையும் சரி செய்ய வேண்டும். பின்பக்கம் உயர்ந்ததால் இதுவரை மாடியைப் பார்த்த வெளிச்சம் இப்போது காலடியைப் பார்க்கும்.

இந்தியாவில் சொந்தக் காருக்குப் பதிவான நாளில் இருந்து 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியைச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும். உற்பத்தி நின்ற ஆண்டை வைத்துப் பார்த்தால், 2029-க்குப் பிறகு இந்தச் சோதனை வயதைத் தாண்டாத அம்பாசடர் தேடினாலும் கிடைப்பது அரிது. ஒருக்களித்து நிற்கிற கார் சோதனைக்காரர் கண்ணில் தூரத்திலேயே பட்டுவிடும். ஆகவே வாயிதா வந்தபின் ஓடுவதைவிட, இரண்டு மாதம் முன்பே சாமான் தேடத் தொடங்குவது நல்லது. புதுப் பட்டை கேட்ட அன்றே கிடைக்கிற காலம் போய்விட்டது.

பட்டறைகள் மட்டும் இன்னும் மூடப்படவில்லை. லாரிக்கு வில்பட்டை வேண்டியிருக்கிறது. ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்னி வேன்களுக்கும் சின்னச் சரக்கு வண்டிகளுக்கும் வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு கிழட்டு அம்பாசடர் போய் நின்றால், வயதான மேஸ்திரி ஒருவர் கையில் இருக்கும் லாரி வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வருவதைப் பார்க்கலாம்.

கழற்றிய பழைய பட்டைகளைக் காயலான் கடையில் எடைக்குப் போடும் முன், மெயின் பட்டையில் உடையாத ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடைக்காரரிடம் அளவு காட்ட அது உதவும். மிச்சத்தை ஊருக்குக் கொண்டுபோக பஸ்காரர் சம்மதித்தால், கொல்லரிடம் கொடுத்தால் நாலு மண்வெட்டியாவது தேறும்.